முப்பது மீட்டர்

ஜெபநேசன் மண்ணுக்கடியில் உயிரோடு இருக்கிறார் என்பது முதலில் ஒரு கண்ணாடி இழைக்குத்தான் கேட்டது. காலை ஆறே முக்காலுக்கு, கோத்தகிரிக்கு மேலே சோலைமட்டம் வளைவில் மலை இறங்கியது. அரைக் கிலோமீட்டர் சாலை, அதில் நின்ற டெலிபோன் துறை வேன், வேனுக்குள் இருந்த ஜெபநேசன், எல்லாம் சிவப்புச் சேற்றுக்குள் போய்விட்டது. ஏழு பத்துக்கு, மேட்டுப்பாளையம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த இர்ஃபானின் திரையில் மூன்று கோடுகள் எழும்பின. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. ஏதோ கல் உருண்டு குழாயில் மோதுகிறது என்று நினைத்தானாம். கல்லுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்று அவனுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

இந்தச் சமாச்சாரத்துக்கு அரசாணையில் 'நிலச்செவி' என்று பெயர். வேலை செய்கிறவர்கள் வாயில் அது வெறும் பாக்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். புதிதாக எதையும் புதைக்கவில்லை. இன்டர்நெட்டுக்காக மலை முழுக்க ஏற்கெனவே புதைந்து கிடந்த ஃபைபரையே காதாக்கிவிட்டார்கள். யானை சாலையைக் கடப்பது, தண்ணீர்க் குழாய் உடைவது, மண் இளகுவது எல்லாம் அதற்குக் கேட்கும். மனுஷன் நடப்பதும் கேட்கும், அதுதான் சங்கடம். தொழிலாளி எத்தனை மணிக்குத் தேயிலைக்காட்டில் இறங்கினாள் என்று தெரிய வேண்டும் என எஸ்டேட்காரர்கள் விண்ணப்பம் போட்டதும், யார் வாசலுக்கு யார் கால் போனது என்று இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டதும் இந்த மூன்று வருஷக் கூத்து. ஆனாலும் அன்று காலை ஐந்தரைக்கே மண் அசைகிறது என்று பாக்ஸ் சொன்னதால்தான் வளைவுக்குக் கீழே இருந்த அறுபது வீடுகளையும் காலி செய்ய முடிந்தது. ஃபைபர் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்கப் போன ஜெபநேசன் மட்டும் மாட்டிக்கொண்டார்.

யோகேஸ்வரி அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கடைசி மூன்று கிலோமீட்டர் நடைதான். இருபது வருஷமாக ஃபைபரை ஜாயின்ட் போடுகிறவள் அவள். அதில் பதினாறு வருஷம் ஜெபநேசனோடு ஒரே செட். அவள் ஒரு சேம்பரில், மூடி போட்ட கேபிள் தொட்டியில், குனிந்திருந்தால் அவர் அடுத்த சேம்பரில் நின்று கேபிள் இழுப்பார். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் தாடை எப்படி இருக்குமோ, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. அழாமல் இருக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அப்பால் ஜெபநேசனின் மனைவி கிரேஸ் குடை பிடித்து நின்றிருந்தார். யாரோ கொடுத்த குடை, அதை விரித்துப் பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, பாதி மடங்கியிருந்தது. மழையில் ஒரே ஒரு பொக்லைன்தான் மேலே வர முடிந்திருந்தது. சரிவு இன்னும் அசைந்துகொண்டிருந்ததால் ஒரு குழிக்கு மேல் தோண்டத் தீயணைப்பு நிலைய அலுவலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பதரைக்கு ஆரம்பித்த குழி அப்போது ஏழு அடி இறங்கியிருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்துவார்கள். உதவிப் பொறியாளர் வேதமூர்த்தி போனை ஸ்பீக்கரில் போடுவார். இர்ஃபான் கீழே இருந்து பாக்ஸின் சத்தத்தைத் திறந்துவிடுவான். டொக், டொக், டொக். அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். சாலையின் மலைப்பக்கம் தடுப்புச் சுவரின் அடியோடு இரும்புக் குழாய் ஒன்று போகிறது, அதற்குள்தான் ஃபைபர். வேன் அந்தச் சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், உடைந்த ஜன்னல் வழியே கையை நீட்டி ஸ்பேனரால் குழாயைத் தட்டுகிறார் என்று வேதமூர்த்தி ஊகித்தார். பாக்ஸ் கேட்கும் என்று தெரிந்த ஆள், அதனால்தான் கத்தித் தன் மூச்சை வீணாக்கவில்லை.

தீயணைப்பு அலுவலருக்கு இது புதுசு. அவர் மீசையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எடம் சரியாத் தெரியுமாங்க? பத்து அடி தள்ளித் தோண்டினாலே நாளைக்குத்தான் பாக்க முடியும்."

"கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போய்த் திரும்பி வர்ற நேரத்தை வச்சுத் தூரம் சொல்லும்," என்றார் வேதமூர்த்தி. "ஒரு மீட்டர் சுத்தமாச் சொல்லும். ஆனா அது ஃபைபரோட நீளம்ங்க, ரோட்டோட நீளமில்ல. ஒவ்வொரு சேம்பர்லயும் முப்பது மீட்டர் லூப் சுருட்டி வச்சிருப்போம். எங்காவது அறுந்தா இழுத்துக்கறதுக்கு. அந்தச் சுருளையெல்லாம் கழிச்சாத்தான் தரையில எடம் வரும். எங்க ரெக்கார்டுல எல்லாம் இருக்கு, பாக்ஸே கழிச்சுக்கும்."

யோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தைந்தாம் சேம்பர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலை அகலப்படுத்துகிறேன் பேர்வழி என்று எவனோ கேபிளை வெட்டிவிட்டான். அன்றைக்கும் மழை. ஆஸ்பத்திரி லைன் செத்துக்கிடந்தது. புதுக் கேபிள் போட்டால் இரண்டு ஜாயின்ட், ஐந்து மணி நேரம். முப்பத்தைந்தில் இருந்த லூப் முழுவதையும் இழுத்து ஒரே ஜாயின்டில் முடித்தாள். அந்தப் பக்கம் நின்று இழுத்துக் கொடுத்தவர் ஜெபநேசன்தான். அது நல்ல வேலை, இன்றைக்கும் அதில் குறை சொல்ல முடியாது. குறை அதற்கப்புறம் வந்தது. போனில் ரெக்கார்டு எழுதும்போது லூப் பூஜ்யம் என்று போட்டால் சேம்பர் சிவப்பாகிவிடும். ஏழு நாளில் புதுக் கேபிள் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் விளக்கம் எழுத வேண்டும். ஸ்டோரில் கேபிளே இல்லை. அதனால் முப்பது என்று எழுதினாள். மலையில் ஜாயின்ட் போடுகிற எவரைக் கேட்டாலும் இப்படி ஒன்றிரண்டு எழுதியிருப்பார்கள். அப்போது பாக்ஸ் இதற்கெல்லாம் பயன்படும் என்று யார் கண்டது?

லூப் இல்லாத சேம்பரில் பாக்ஸ் முப்பது மீட்டரைக் கழித்திருக்கிறது. அப்படியானால் அண்ணன் இந்தக் குழிக்கு அடியில் இல்லை. பாக்ஸ் கீழிருந்து அளப்பதால், முப்பது மீட்டர் மேலே இருக்கிறார். சொன்னால் வேலை போகும், பொய் ரெக்கார்டு என்று கேஸ்கூட வரலாம். இதையெல்லாம் நினைக்க அவளுக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. அந்த ஒரு நிமிஷம் நினைத்ததற்காக அடுத்த இரண்டு நாளும் வெட்கப்பட்டாள். தேவையில்லாத வெட்கம், ஆனால் அது அப்புறம்தான் தெரிந்தது.

"சார், முப்பத்தஞ்சுல லூப் இல்லைங்க," என்றாள்.

வேதமூர்த்தி திரும்பிப் பார்த்தார். "ரெக்கார்டுல முப்பதுன்னு இருக்கே."

"நான்தான் எழுதினேன். அப்ப கட் ஆனப்ப மொத்தத்தையும் இழுத்துட்டேன். சேம்பர் காலி. நீங்க முப்பது மீட்டர் மேல போகணும்."

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

"என் கையால இழுத்தேன் சார்."

வேதமூர்த்தி சாதாரணமாக யார் சொல்வதையும் கேட்கிற ஆள் இல்லை. ஸ்குரூ கழன்றிருக்கிறது என்றால்கூட போட்டோ எங்கே என்பார். அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை. முப்பத்தைந்தாம் சேம்பர் சரிவுக்கு வெளியே, சாலையில் இருநூறு மீட்டர் கீழேதான் இருந்தது. மூடி மேல் ஓரடிச் சேறு. போய்த் தூக்கிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை, யோகேஸ்வரிக்கும் தோன்றவில்லை. தன் கையால் செய்த வேலையை யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? பத்தே காலுக்கு பொக்லைன் குழியை விட்டுவிட்டு மேலே ஏறியது.

பத்தரைக்கு எஞ்சினை நிறுத்திக் கேட்டபோது தட்டல் மாறியிருந்தது. மூன்று மூன்றாக இல்லை. இடைவெளியே இல்லாமல், வேகமாக, விடாமல் டொக்டொக்டொக் என்று வந்தது. போனில் இர்ஃபானின் குரல் உடைந்தது.

"வேகமாத் தட்றாருங்க. நீங்க கிட்ட வந்துட்டீங்க போல, அவருக்குத் தெரிஞ்சிருச்சு."

அங்கிருந்த எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் யோகேஸ்வரியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கிரேஸ் கயிற்றைத் தாண்டி ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இருபது நிமிஷம் ஜெபநேசன் அப்படித் தட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பன்னிரண்டு மணிவாக்கில் இரண்டு இரண்டாக வந்தது. ஒன்று பத்துக்கு ஒரே ஒரு தட்டல் வந்தது. அதற்குப் பிறகு எஞ்சினை எத்தனை தடவை நிறுத்தியும், மழைச் சத்தம்தான்.

மேல் குழியில் பதினாறு அடியில் சுவர் வந்தது, குழாய் வந்தது, வேன் வரவில்லை. மறுநாள் மதியம் வரை பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே கீழே இறங்கினார்கள். வேன் முதல் குழிக்கு நேர் அடியில் இருந்தது. விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து இன்னும் எட்டு அடி. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. மூச்சு முட்டித்தான் இறந்திருக்கிறார், உடம்பில் பெரிய காயம் இல்லை என்று சொன்னார்கள். மண் நகர்ந்ததில் வேனும் நகர்ந்திருக்கும் என்றார் வேதமூர்த்தி. யோகேஸ்வரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கக்கூடச் செய்தாள். மண் நகர்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் லைனைச் சரிசெய்ய அவளைத்தான் அனுப்பினார்கள். வேறு ஆள் இல்லை. வேனை எடுக்கும்போது பொக்லைன் வாளி குழாயையும் ஃபைபரையும் சேர்த்துப் பிய்த்திருந்தது, இருபத்தைந்து மீட்டர் இடைவெளி. ஜாயின்ட் போடுவதற்கு முன்னால் கீழ்ப்பக்கத்துச் சேம்பரைத் திறந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். கம்பியை மாட்டி முப்பத்தைந்தின் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே கறுப்புக் கேபிள் சுருள் சுருளாகச் சுவரோடு கட்டித் தொங்கியது. ஒவ்வொரு கட்டும் ஒரே அளவு இடைவெளியில் இருந்தது. அப்படிக் கட்டுகிற கை மலையில் ஒன்றுதான் உண்டு. பிளாஸ்டிக் சீட்டில் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி, '30 மீ.', கீழே ஜெ.நே. என்று கையெழுத்து.

அவள் சேம்பரின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தேதியில் அவள் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் லீவில் படுத்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அவர் போன் செய்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பத்தஞ்சுல ஒரு சின்ன வேலை கெடந்துச்சு, ஸ்டோருக்கு கேபிள் வந்துருச்சு, முடிச்சுட்டேன், நீ ஒடம்பப் பாத்துக்க என்றார். மாத்திரை மயக்கத்தில் சரிண்ணே என்று வைத்துவிட்டாள். என்ன வேலை என்று கேட்கவில்லை. அவள் எழுதிய பொய்யை அந்த மனுஷன் தனியாளாக, ஒரு நாள் பூரா உட்கார்ந்து, இரண்டு ஜாயின்ட் போட்டு உண்மையாக்கி வைத்திருக்கிறார். பாக்ஸ் சொன்னது சரி. ரெக்கார்டு சரி. முதல் குழி சரி. அவள் சொன்னது ஒன்றுதான் தப்பு. பாவி, என்ன காரியம் செய்தோம் என்று வாய்விட்டுச் சொன்னாள். குரல் யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

வேதமூர்த்தி வந்து குனிந்து பார்த்தார். சீட்டைத் திருப்பிப் படித்தார். அவரும் அவளுடைய ஒரு சொல்லில் பொக்லைனை நகர்த்திய ஆள்தானே.

"இருபத்தஞ்சு மீட்டர்தான் வேணும்," என்றார் கடைசியில். "இந்த லூப்பையே இழுத்து ஜாயின்ட் போட்டுருங்க யோகேஸ்வரி."

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இழுத்துவிட்டால் முப்பத்தைந்து காலி. அவள் அன்றைக்குச் சொன்னது போலவே காலி. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது.

"பாக்ஸோட பழைய பதிவு இர்ஃபான்கிட்ட இருக்கும்ல சார்? லூப் இருந்தது அதுல தெரியுமே."

"அதை யாரும் கேக்கப் போறதில்ல. மண்ணு குழாயைத் தள்ளிருச்சு, பாக்ஸ் கணக்கு தப்பிருச்சுன்னு எழுதிக்கலாம். யாருக்கும் கெடுதல் இல்ல."

"பாக்ஸ் தப்புன்னு எழுதினா, அடுத்த மழைக்கு அது சொல்றதை நம்பி அந்த அறுபது வீட்டுக்காரங்க எறங்குவாங்களா சார்?"

தப்பு அவளுடையது என்று எழுதினால் என்ன ஆகும் என்று வேதமூர்த்தி சொன்னார். இனி களத்தில் நிற்கிற எந்த ஆள் என்ன சொன்னாலும் பாக்ஸுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சுற்றறிக்கை வரும். நாளைக்கு நிஜமாகவே ஒரு சேம்பர் காலியாக இருந்து, ஒருத்தி வந்து கதறினாலும் கேட்க மாட்டார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு பக்கமும் யாரோ சாகிற வழி தெரிந்தது. யோகேஸ்வரி கேபிள் டிரம்மைக் கொண்டுவரச் சொன்னாள்.

புதுக் கேபிள், இரண்டு ஜாயின்ட். ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு இழை. முதல் இழையை உரித்து, துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டிய பிறகுதான் ஸ்லீவ் மாட்ட மறந்தது தெரிந்தது. ஒட்டிய இடத்தைக் காக்கிற அந்தச் சின்னக் குழலை ஒட்டுவதற்கு முன்பே கோத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் நுழையாது. வேலை கற்க வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. உடைத்துவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் மறந்தாள். மூன்றாவது தடவை ஸ்லீவைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். அதற்குப் பிறகு கை தானாகப் போயிற்று. நீல இழை, ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. சாயங்காலம் நான்கு மணிக்கு லைன் வந்தது. நல்ல ஜாயின்ட், வெளிச்சத்தில் நஷ்டமே இல்லை என்று இர்ஃபான் சொன்னான். அவள் போனை எடுத்து எழுதினாள்: சேம்பர் 35, லூப் 30 மீ., உள்ளது, ஜெபநேசன் எட்டு மாதம் முன்பு சேர்த்தது, சம்பவ நாளில் நான் சொன்னது தவறு. சீட்டோடு போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கிரேஸ் வீட்டுக்குப் போனாள். ஆபீஸ் காகிதம் வந்து தெரிவதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. முன்னறையில் யாரும் இல்லை. கிரேஸ் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். யோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். நீ இடத்தை மாத்தச் சொன்னதும் எவ்வளவு வேகமா தட்டினாரு, பார்த்தியா என்றார். அந்தச் சத்தம்தான் தன்னைத் தூங்க வைக்கிறதாம். ஆட்கள் கிட்டே வந்துவிட்டார்கள் என்று தெரிந்து, சந்தோஷமாக, நம்பிக்கையோடுதான் போயிருக்கிறார், அதற்கு நீதான் காரணம் என்றார். அவர் கண்ணில் உண்மையான நன்றி இருந்தது.

காபி ஆறி ஆடை கட்டியது. யோகேஸ்வரி லூப்பைப் பற்றிச் சொன்னாள். தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி, மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். முதல் குழிக்கு அடியில்தான் அண்ணன் இருந்தார் என்பதில் முடித்தாள்.

கிரேஸ் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்த வேகமாத் தட்டினது?"

"மிஷின் சத்தம் தள்ளிப் போறது அவருக்குக் கேட்டிருக்கும் அண்ணி. போகாதீங்க, திரும்பி வாங்கன்னு கூப்பிட்டிருக்காரு."

கிரேஸ் அழுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று யோகேஸ்வரி காத்திருந்தாள். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் சேலை நுனியை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மடித்தார். உள்ளறைக் கதவு திறந்தது. மகள் பெனிட்டா, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறவள், அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்தாள். வந்திருப்பவளைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"யோகா அத்தை," என்றார் கிரேஸ். குரல் சாதாரணமாக இருந்தது. "அப்பா தட்டினதைக் கேட்டு, சரியான எடத்தைக் காட்டினது இவங்கதான்னு சொன்னேன்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா காப்பாத்தியிருப்பாங்க. நன்றி சொல்லும்மா."

யோகேஸ்வரி கிரேஸின் முகத்தைப் பார்த்தாள். கிரேஸ் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யோகேஸ்வரியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நீங்க வர்றது தெரிஞ்சிருக்கும்ல அத்தை?"

"தெரிஞ்சிருக்கும்மா," என்றாள் யோகேஸ்வரி.